வலிக்கிற வெடிப்பும் வலிக்காத வெடிப்பும்

குடியாத்தத்தில், கௌண்டின்ய மகாநதிக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு தெருவில், என் பாட்டனார் காலந்தொட்டு எங்கள் வைத்தியசாலை நடந்து வருகிறது. ஒரு திண்ணை, ஓர் உள்ளறை, மருந்துச் சாடிகள் நிற்கும் மர அலமாரி, கொல்லையில் ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு கருங்கல் என்று இவ்வளவே அதன் சொத்து. மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டால், அந்தத் திண்ணையில் வந்து உட்காருகிறவர்களில் பாதிப் பேர் நாடி பார்க்கக் கையை நீட்டுவதற்கு முன்னால் காலைத்தான் நீட்டுவார்கள். செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவர்களும், உவர்மண்ணும் சோடாவும் கரைந்த தண்ணீரில் பொழுதெல்லாம் நின்று துணி வெளுக்கிறவர்களும், பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புகளில் சுண்ணாம்புத் தொட்டியோடு பழகுகிறவர்களும், வேர்க்கடலைக் கொல்லையில் வெறுங்காலோடு நடக்கிற பெண்களும் அவர்களில் அதிகம். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் வெயிலில் நின்றவர்களும், திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தைச் செருப்பில்லாமல் சுற்றி வந்தவர்களும் அந்தந்தக் காலத்தில் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள்.

“கூழாங்கல்லு மேல கால வெச்சா உசுரு போய் உசுரு வருதுங்க ஐயா” என்று சூளைக்காரப் பெண் ஒருத்தி தன் குதிகாலைத் திருப்பிக் காட்டியபோது, அதன் ஓரத்தில் செம்மண் புகுந்து கறுத்த ஏழெட்டுக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுவதையும், அவற்றில் இரண்டின் ஆழத்தில் இரத்தம் கசிந்து காய்ந்திருப்பதையும் கண்டேன். பிறருக்கு அற்பமாகத் தோன்றும் இந்த உபாதை, அன்றாடம் நடந்து கூலி வாங்குகிறவளுக்குக் கூலியையே பறித்துவிடுகிறது. குதிகாலை ஊன்றாமல் முன்பாதத்தால் நடந்து நடந்து முழங்கால் நோவும் இடுப்பு நோவும் வாங்கிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகையால் பாத வெடிப்பைச் சில்லறை வியாதி என்று ஒதுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் ஒருநாளும் இருந்ததில்லை.

நம் மக்கள் அதற்குப் பித்தவெடிப்பு என்று பெயரிட்டு, உடம்புச் சூட்டின்மேல் பழியைப் போட்டுவிட்டார்கள். ஆனால் சுசுருத சம்ஹிதையின் நிதான ஸ்தானம், சிறு நோய்களை வரிசைப்படுத்துகிற இடத்தில், இதைப் பாததாரி என்று குறிப்பிட்டு, அதிகமாக நடக்கிறவனுடைய வறண்ட பாதங்களில் வாதம் மிகுந்து பிளவை உண்டாக்குகிறது என்று கூறுகிறது. பித்தமா வாதமா என்று வாதாடுவதைவிட, பாதத்தின் சுபாவத்தை அறிந்துகொள்வது பிரயோஜனமானது. நம் சரீரத்தில் மற்ற இடங்களில் தோலுக்கு எண்ணெய்ப் பசையைச் சுரந்து கொடுக்கும் சுரப்பிகள் உள்ளங்காலில் கிடையாது. அங்கே இருப்பவை வியர்வைச் சுரப்பிகள் மட்டுமே. குதிகாலின் மேல்தோலோ உடம்பிலேயே மிகவும் தடித்த தோல்களில் ஒன்று. நாம் ஓர் அடி வைக்கும்போது, எலும்புக்கு மெத்தைபோல் அமைந்த கொழுப்புத் திரள் பாரத்தால் அமுங்கிப் பக்கவாட்டில் பரவுகிறது. மேலே மூடியிருக்கும் தோல் ஈரப்பதத்தோடு இருந்தால் அதுவும் கூடவே நீண்டு கொடுக்கிறது, வறண்டு தடித்திருந்தால் நீள முடியாமல் ஓரத்தில் பிளந்துவிடுகிறது. கோடையில் வற்றிய ஏரியின் வண்டல் ஏன் பாளம் பாளமாக வெடிக்கிறது என்பதை அறிந்த விவசாயிக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

எங்கள் குடும்பத்தின் மருந்து குங்கிலிய வெண்ணெய். சிறுவயதில் நான் முதன்முதலாகக் கைவைக்க அனுமதிக்கப்பட்ட மருந்தும் அதுவே என்பதால், அதைச் செய்யும் முறை என் உள்ளங்கைக்கு மனப்பாடம். நல்லெண்ணெயை இளஞ்சூட்டில் காய்ச்சி, பொடித்துச் சலித்த குங்கிலியத்தை அதில் சிறிது சிறிதாகத் தூவினால், கட்டி கட்டாமல் உருகித் தேன் நிறத்தில் ஒரு பாகு உண்டாகும். அதைத் துணியில் வடிகட்டி, வாயகன்ற தாம்பாளத்தில் ஊற்றி, ஆறியபின் கிணற்றுத் தண்ணீரை வார்த்து உள்ளங்கையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று தண்ணீருக்குப் பாகு வழுக்கி வழுக்கி ஓடும். பிறகு மெல்ல மெல்ல இறுகி, தேன் நிறம் வெளுத்து மஞ்சளாகி, மஞ்சளும் வெளுத்துக் கடைசியில் கடைந்தெடுத்த வெண்ணெயைப் போலவே திரண்டு நிற்கும். ஒவ்வொரு தண்ணீரை மாற்றும்போதும் பாட்டனார் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வைப்பார். 21 கொட்டை சேராமல் என் கையைத் தாம்பாளத்திலிருந்து எடுக்க விடமாட்டார். தோள் கடுத்தாலும், குளிர்ந்த அந்த வெண்ணெய் விரலிடுக்கில் நழுவுகிற சுகத்துக்காகவே நான் அந்த வேலைக்கு ஓடுவேன்.

இந்த மருந்தின் மகிமையில் எனக்கிருந்த நம்பிக்கை, தொழிலுக்கு வந்த ஆரம்ப வருஷங்களில் சற்று அளவு மீறியதாகவே இருந்தது. ஒரே சாடியிலிருந்து எடுத்துக் கொடுத்த வெண்ணெய் சிலருக்குப் பத்து நாளில் குணம் கொடுப்பதையும், வேறு சிலருக்கு இரண்டு மாதமானாலும் அசையாமல் நிற்பதையும் கண்டு குழம்பி, குணமாகாதவர்கள் பத்தியம் தவறியிருப்பார்கள் என்று தீர்மானித்துக்கொள்வேன். உண்மையைக் கண்டுபிடித்தவர் என் தாயார். குணமான பெண்களை அவர் கொல்லைக்கு அழைத்துப் பேச்சுக் கொடுத்து, அவர்கள் எல்லோரும் மாலையில் குளித்துவிட்டு, கிணற்றடிக் கல்லில் காலைத் தேய்த்து, ஈரம் உலர்வதற்குள் மருந்தைப் பூசிக்கொண்டவர்கள் என்றும், குணமாகாதவர்கள் இரவில் படுக்கும்போது காய்ந்த காலில் பூசியவர்கள் என்றும் அறிந்துவந்து சொன்னார். “முதல்ல தண்ணி, அப்புறம் கல்லு, கடைசியிலதாம்பா எண்ணெய். உங்க தாத்தா வாயால சொல்லல, கிணத்தடிக்கு அனுப்பிட்டுத்தான் மருந்து குடுப்பார்” என்று அவர் சொன்ன பிறகுதான், பாட்டனார் அந்தக் கருங்கல்லை ஏன் அங்கே போட்டுவைத்தார் என்பது எனக்கு விளங்கிற்று.

பல வருஷங்களுக்குப் பின்னர், இதே விஷயத்தை இர்வின் பிளாங்க் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1952 இல் பரிசோதனையால் நிரூபித்திருக்கிறார் என்று படித்தபோது என் தாயாரை நினைத்துக்கொண்டேன். காய்ப்பேறிய தோலின் துண்டுகளை அவர் எண்ணெய்ப் பொருள்களில் போட்டு வைத்துப் பார்த்தார், அவை விறைப்பாகவே இருந்தன. தண்ணீரை உறிஞ்சவிட்டுப் பார்த்தார், அவை மிருதுவாகி வளைந்தன. தோலை இளக்குவது தண்ணீரே. எண்ணெயின் உத்தியோகம், உள்ளே புகுந்த தண்ணீர் ஆவியாகிப் போய்விடாமல் கதவைச் சாத்துவதுதான். நாளெல்லாம் தண்ணீரில் நிற்கும் சலவைத் தொழிலாளிக்கு ஏன் கால் வெடிக்கிறது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சோடாவும் உவர்மண்ணும் தோலில் இயல்பாக உள்ள பசையைக் கரைத்தெடுத்துவிடுகின்றன. கரையேறியதும் பூட்டில்லாத வீட்டிலிருந்து பொருள் போவதுபோல் ஈரம் போய்விடுகிறது. இருபத்தொரு தண்ணீரைக் குடித்துத் திரண்ட குங்கிலிய வெண்ணெய் வெறும் எண்ணெயைக் காட்டிலும் இதமாக இருப்பதற்கும், அது தனக்குள் ஈரத்தை வைத்திருப்பது ஒரு காரணமாகலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, குங்கிலியம் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. முறை சரியாயிருந்தால் சமையலறை அலமாரியிலிருப்பதே போதும். இரவில் படுப்பதற்கு முன் கால் மணி நேரம், வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கால்களையும் கணுக்கால்வரை வைத்துக்கொண்டிருங்கள். தோல் இளகியபின் பீர்க்கங்கூட்டாலோ, சொரசொரப்பான கல்லாலோ, வெடிப்பின் உதடுகளில் தடித்து நிற்கும் பகுதியை மட்டும், வலிக்காத அளவுக்கு மெல்லத் தேய்த்துவிடுங்கள். ஒரே நாளில் வழவழப்பாக்கிவிட வேண்டும் என்ற ஆத்திரம் கூடாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் போனால் போதும். பிறகு துணியால் ஒற்றிவிட்டு, ஈரம் மிச்சமிருக்கும்போதே எண்ணெயைப் பூசி, பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டோ காலுறையை மாட்டிக்கொண்டோ தூங்குங்கள். இரண்டு வாரம் நாள் தவறாமல் செய்தால் சாமானிய வெடிப்பு கூடிவிடும். அதற்குப் பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்துவந்தால் திரும்பி வராது.

எந்த எண்ணெய் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது விளக்கெண்ணெய். அது கெட்டியானது, வழிந்தோடாது, விலை குறைவு. ஆறு பங்கு நல்லெண்ணெயைச் சூடாக்கி அதில் ஒரு பங்கு தேன்மெழுகை உருக்கி ஆறவைத்தால் கிடைக்கும் களிம்பு, ஆழமான பிளவுகளில் தங்கி நிற்பதற்கு இன்னும் நல்லது. மஞ்சளை இழைத்து எண்ணெயில் குழைத்துப் போடுவது, கசிவில்லாத சிறு வெடிப்புக்கு ஏற்றது. மருதாணியை அரைத்துப் போடுகிறவர்களுக்கு எரிச்சல் தணிந்து குளிர்ச்சி உண்டாவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அது காய்ந்தால் தோலை இறுக்கும், ஆதலால் கழுவியபின் எண்ணெய் பூசாமல் விடக்கூடாது. ஆலம்பாலைச் சொட்டவிடுவது கிராமத்துப் பழக்கம். அது காய்ந்து பிசின்போல் பிளவை மூடுவதால் நடக்கும்போது வலி குறைகிறது, எனினும் உள்ளே மண் இருக்கும்போது மூடிவிட்டால் சீழ் கட்டிக்கொள்ளும். கடைகளில் விற்கும் வாஸ்லினும், யூரியா சேர்ந்த களிம்புகளும் இதே காரியத்தை நன்றாகவே செய்கின்றன. பரம்பரை வைத்தியன் என்பதற்காக நான் அவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன்.

கூடாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். எலுமிச்சைத் தோலைப் பிளந்த குதிகாலில் தேய்ப்பது, திறந்த புண்ணில் புளிப்பைத் தேய்ப்பதே ஆகும். உருகிய மெழுகுவர்த்தியை வெடிப்பில் சொட்டவிட்டுத் தோலை வேகவைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு நான் தீப்புண் வைத்தியம் செய்திருக்கிறேன். காய்ப்பைப் பிளேடால் சீவுவது எல்லாவற்றிலும் மோசம். கை ஒரு நூல் ஆழமாக இறங்கினால், தெருமண்ணும் சாணமும் படுகிற காலில் அது எந்த விபரீதத்துக்கும் வழி திறந்துவிடும். எண்ணெய் எதுவானாலும் விரல் இடுக்குகளில் பூசாதீர்கள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

இனிச் சொல்லப்போவதே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம். அறுபதுகளின் பிற்பகுதியில், பள்ளத்தறியில் லுங்கி நெய்கிற ஒருவர் என்னிடம் வந்தார். வயது நாற்பதிருக்கும். வலது குதிகாலில் மட்டும், சுண்டுவிரல் நகம் புதையும் ஆழத்துக்கு ஒரு பிளவு. அதற்குள்ளிருந்த மண்ணை நான் மூங்கில் குச்சியில் பஞ்சு சுற்றித் துடைத்தெடுத்தபோது, மற்றவர்கள் பல்லைக் கடித்துத் தூணைப் பிடித்துக்கொள்ளும் அந்த நேரத்தில், அவர் பக்கத்திலிருந்தவரிடம் பாவு நூலின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய பொறுமையைத் திண்ணையிலிருந்த எல்லோருக்கும் எடுத்துச் சொல்லி நான் பாராட்டினேன். மூன்று மாதம் குங்கிலிய வெண்ணெய் கொடுத்தேன். வெடிப்பு புண்ணாயிற்று, புண் குழியாயிற்று. அப்போதும் அவர் அந்தக் காலை ஊன்றி, கடைத்தெருவிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தார்.

வேலூருக்கருகில் காரிகிரியில் 1955 இல் ஏற்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தின் களப்பணியாளர்கள் எங்கள் தாலூகாவின் கிராமங்களில் சைக்கிளில் சுற்றிவந்த காலம் அது. அவர்களில் ஒருவர் தற்செயலாக எங்கள் திண்ணையில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்தவர், நெசவாளரின் காலைக் கண்டதும் செம்பைக் கீழே வைத்துவிட்டார். நெசவாளரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பேனாவின் நுனியால் உள்ளங்காலில் ஐந்தாறு இடங்களைத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டும்படி கேட்டார். இடது காலில் எல்லா இடங்களையும் சரியாகக் காட்டினவர், வலது காலில் ஓரிடத்தையும் காட்டவில்லை. இன்னும் தொடவேயில்லை என்று நினைத்துக் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் இன்றளவும் மறக்கவில்லை. பிறகு அந்த ஊழியர் கணுக்காலின் உட்பக்கத்து எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து, கயிறுபோல் தடித்திருந்த நரம்பை என் விரலாலும் தொட்டுப் பார்க்கச் செய்தார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946 இல் வந்த டாக்டர் பால் பிராண்டு உலகத்துக்கு உணர்த்திய உண்மையை அவர் அன்று எனக்கு எளிமையாக எடுத்துச் சொன்னார். தொழுநோயாளியின் பாதம் தானாக அழுகுவதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுவதால், முள்ளும் கல்லும் தீயும் செய்யும் தீங்கை அறியாமல் அவர் அந்தப் பாதத்தை மேலும் மேலும் உபயோகித்து அழித்துக்கொள்கிறார். அதே நரம்பு கெடும்போது வியர்வையும் நின்றுவிடுகிறது. எண்ணெய்ச் சுரப்பி இல்லாத உள்ளங்காலுக்கு அந்த வியர்வை ஒன்றே ஈரம், அதுவும் நின்றால் பாதம் வறண்டு வெடிக்காமல் என்ன செய்யும்? தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தே வேலை செய்கிறவருக்கு இவ்வளவு பெரிய வெடிப்பு ஏன் வந்தது, அதுவும் ஒரு காலில் மட்டும் ஏன் வந்தது என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். நான் பொறுமை என்று பாராட்டியது, நோய்.

நெசவாளர் காரிகிரிக்குப் போனார். மாத்திரை கொடுத்தார்கள், மாவுக்கட்டுப் போட்டுப் பாதத்துக்கு ஓய்வு கொடுத்துப் புண்ணை ஆற்றினார்கள், மிருதுவான ரப்பர் வைத்த செருப்பு ஒன்றும் கொடுத்தார்கள். நாள்தோறும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து, கல்லால் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் பூசும்படியும், புண் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளும்படியும் அவருக்கு அங்கே கற்பித்தார்கள் என்று கேட்டபோது, என் தாயாரின் கிணற்றடி முறையும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் முறையும் ஒன்றாயிருப்பதில் எனக்கு உண்டான நிறைவு, என் தவறு தந்த துயரத்தோடு கலந்தே இருந்தது. அவர் பின்னும் பல வருஷம் தறியில் உட்கார்ந்தார். உணர்ச்சி மாத்திரம் திரும்பவில்லை. மூன்று மாதம் முன்னதாக அனுப்பியிருந்தால் திரும்பியிருக்குமோ என்ற கேள்வியை நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து என் வழக்கம் மாறிவிட்டது. களிம்பு தடவப் பாட்டனார் வைத்திருந்த மயிலிறகை நான் வேறு காரியத்துக்கும் எடுத்துக்கொண்டேன். காலை நீட்டுகிறவரைக் கண்ணை மூடச் சொல்லி, தடித்த குதிகாலில் அல்ல, தோல் மெல்லியதாயுள்ள உள்ளங்கால் குழியிலும் விரல் நுனிகளிலும் அந்த இறகால் தடவிப் பார்த்த பிறகே மருந்துச் சாடியைத் திறக்கிறேன். கூசிக் காலை இழுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம். வெடிப்பைத் தொட்டதும் “ஐயோ” என்றால் அதைவிடச் சந்தோஷம். வலிக்கிற வெடிப்பை விளக்கெண்ணெய் ஆற்றிவிடும். வலிக்காத வெடிப்பை எந்த வீட்டு மருந்தும் ஆற்றாது. அதைக் கண்டால் உடனே டாக்டரிடம் அனுப்புவதே வைத்தியன் செய்யக்கூடிய வைத்தியம்.

இப்போது மயிலிறகுக்குக் கூசாத கால்களில் மிகப் பெரும்பாலானவை தொழுநோயால் மரத்தவையல்ல, சர்க்கரை வியாதியால் மரத்தவை. நரம்பைப் பொறுத்தவரையில் இரண்டும் செய்யும் கேடு ஏறக்குறைய ஒன்றே. சர்க்கரை வியாதியுள்ளவர்களுக்கு நான் மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தாது. அவர்கள் காலை ஊறவைக்க வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள். வெந்நீர் அறவே கூடாது, ஏனென்றால் கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும். கழுவும் தண்ணீரையும் வீட்டிலுள்ள வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கல்லும் கூடாது, பிளேடும் கூடாது. கழுவி, விரல் இடுக்குகளை உலரத் துடைத்து, குதிகாலில் எண்ணெயோ களிம்போ பூசிக்கொண்டால் போதும். வெடிப்பில் சிவப்போ, நீர்க்கசிவோ, நாற்றமோ கண்டால் மறுநாளுக்குத் தள்ளக்கூடாது.

இதைப் படிக்கிறவர்களை நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் சர்க்கரை வியாதியுள்ள தாயோ தகப்பனோ இருந்தால், இன்றிரவு அவர்கள் படுத்தபின் காலடியில் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் விரலால் இலேசாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். ஆறில் இரண்டு இடங்களில் பதில் வராவிட்டால் களிம்பைத் தேடிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். ஆறிலும் பதில் வந்தால், ஒரு கரண்டி விளக்கெண்ணெயை எடுத்து அவர்களுடைய குதிகாலில் உங்கள் கையாலேயே பூசிவிடுங்கள்.